ராமநாதபுரம் கடற்கரைக்கு ஏற்ற மடக்கு ரம்பம்: வாங்குவது முதல் பராமரிப்பது வரை

மூக்கையூருக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில், தெரிந்தவர் ஒருவரின் பனந்தோப்பில் முதன்முதலாகக் கூடாரம் அடித்த இரவு என்னிடம் இருந்தது ஓர் அரிவாள்தான். காய்ந்து விழுந்து கிடந்த சீமைக் கருவேலக் கிளை ஒன்றை அடுப்புக்காக இழுத்து வந்தேன். மணிக்கட்டுப் பருமன் இருக்கும். ஓங்கிப் போட்டேன். அரிவாள் இறங்கவில்லை. கிளை துள்ளி எழுந்து, அதன் முள் முன்கையை நீளமாகக் கிழித்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது அரிவாளின் வாயில் அரிசி அளவுக்கு ஒரு பொக்கை விழுந்திருந்தது.

அரிவாளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பனை ஓலை கழிக்கவும் தென்னை மட்டை சீவவும் அதற்கு நிகரான கருவி கிடையாது. ஆனால் அதை வீசுவதற்கு இடம் வேண்டும், பழகிய கை வேண்டும், பகல் வெளிச்சமும் வேண்டும். நடந்து களைத்த உடலோடு, பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இருட்டில் அரிவாள் வீசுவதை அன்றோடு நிறுத்தினேன். அரிவாளை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லவும் நேரும். கால் கிலோவுக்கும் குறைவான எடையில், மடக்கினால் முன்கை அளவுக்கு அடங்கிவிடும் ரம்பம் இருக்கும்போது அந்தச் சிரமம் தேவையில்லை.

அடுத்த பயணத்துக்கு முன்பே நகரத்துக் கடை ஒன்றில் மடக்கு ரம்பம் வாங்கினேன். அதையும் தவறாகவே வாங்கினேன். காரணம் எளிது: ரம்பம் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு ஊசியிலை மரத்தையும், தோட்டத்தில் கழிக்கும் பச்சைக் கிளையையும் மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. நம் கரையில் ரம்பம் சந்திப்பது காய்ந்த முள்மரத்தையும் உப்புக் காற்றையும் பொடி மணலையும். இந்த மூன்றையும் வைத்துத்தான் இங்கே ரம்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் படி: எங்கே அறுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. 1986-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. வனத்துறையின் அனுமதியில்லாமல் அங்கே இறங்கவே கூடாது. சுள்ளி ஒடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும். காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் படகேறிப் போய்ப் பாருங்கள், நின்று ரசியுங்கள். பையிலிருந்து ரம்பத்தை எடுக்காதீர்கள். அரிச்சல்முனைப் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு தங்க விடுவதில்லை. விட்டாலும் அந்த மணலில் அடுப்புக்கு ஆகிற விறகு இல்லை.

மீதம் இருப்பது பட்டா நிலத்துத் தோப்புகள். உரிமையாளரிடம் கேட்டுத் தங்குங்கள். விறகுக்கும் தனியாகக் கேளுங்கள். சீமைக் கருவேலம் யாருக்கும் சொந்தமில்லாத மரம் போலத் தோன்றும். அப்படியில்லை. கண்மாயில் நிற்பது ஏலத்துக்குப் போகும். தனியார் நிலத்தில் நிற்பதைக் கரிமூட்டம் போடுபவர் முன்பே விலை பேசி வைத்திருக்கலாம். பனை நம் மாநில மரம். நிற்கும் பனையில் ரம்பத்தை வைக்கும் எண்ணமே வேண்டாம். காய்ந்து கீழே விழுந்தது மட்டுமே நமக்கு. ரம்பத்தின் பல்லைத் தேர்ந்தெடுப்பதையும் இந்த விதிதான் முடிவு செய்கிறது என்பதால் இதை முதலில் சொன்னேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். அந்த மாதங்களில் கடல் விளிம்பில் தீ மூட்டாதீர்கள். வெளிச்சம் அவற்றைத் திசை திருப்பும். தோப்புக்குள் தள்ளி வாருங்கள்.

இரண்டாம் படி: மரத்தை அறிந்துகொள்ளுங்கள்

இந்தக் கரையில் உங்களுக்குக் கிடைக்கும் விறகில் முக்கால்வாசி சீமைக் கருவேலம்தான். காய்ந்த கிளையை அறுத்தால் முதலில் வெளிறிய மஞ்சள் தூள் விழும். அரை விரல் ஆழம் போனதும் தூளின் நிறம் மாறிப் பழுப்பாகும்; ரம்பத்தின் ஓசையும் மாறும். 'சர்ர்' என்று இழுத்துக்கொண்டு போனது, 'கிர்ர்' என்று கடிக்கத் தொடங்கும். அங்கிருந்துதான் வைரம், மரத்தின் கடினமான உட்பகுதி. மலிவான ரம்பத்தின் பல் மழுங்குவது இந்த இடத்தில். கிளை நேராகவும் இருக்காது, கணுவுக்குக் கணு திரும்பும். ஒவ்வொரு கணுவிலும் முள் நிற்கும். அந்த முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து மேலே வரும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உடைமரமும் கடினம்தான். ஆனால் குடை விரித்தாற்போல் அது நிற்கும் அழகுக்காகவே நான் அதன் பக்கம் போவதில்லை. சவுக்கு நேராக வளரும், அறுக்கச் சுகம், எரிவதில் அதற்கு ஈடில்லை. சவுக்குத் தோப்பில் தங்க இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பனை மட்டைக்கு ரம்பம் வேண்டாம். அதன் கருக்கே ஒரு ரம்பம். காலால் மிதித்து ஒடித்துக்கொள்ளலாம். பனந்துண்டில் கறுப்பு நார் கம்பி போல ஓடும், பல்லைத் தின்றுவிடும்.

கரையொதுங்கிய மரத்தில் கவனம் தேவை. துவைத்த துணி போல வெளுத்து, இலகுவாகக் கிடக்கும். பார்த்தால் ஆசை வரும். அதன் விரிசல்களுக்குள் மணல் ஏறியிருக்கும். பழைய படகுப் பலகையாக இருந்தால் ஆணி இருக்கும், பெயின்ட் பூசியிருக்கும். அந்தப் புகையில் சமைத்துச் சாப்பிடக் கூடாது. அரளிக் குச்சியும் அடுப்புக்கு ஆகாது. கள்ளியை அறுக்கவே வேண்டாம். அதன் பால் கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: அலகின் நீளம்

இரண்டு மூன்று பேருக்குச் சோறும் மீன் குழம்பும் வைக்க என்ன விறகு தேவை என்று யோசியுங்கள். கட்டை விரல் பருமன் உள்ளது ஒரு கட்டு, மணிக்கட்டுப் பருமனில் நாலைந்து துண்டு. கட்டை விரல் பருமனை முழங்காலில் வைத்தே ஒடிக்கலாம். ஆக ரம்பத்துக்கு வரும் வேலை பெரும்பாலும் 4 முதல் 8 சென்டிமீட்டர் கிளைகள். எப்போதாவது 10 சென்டிமீட்டர்.

அலகின் நீளத்திலிருந்து மரத்தின் குறுக்களவைக் கழித்தால் கிடைப்பதுதான் உங்கள் இழுப்பு. 130 மில்லிமீட்டர் அலகால் 100 மில்லிமீட்டர் கிளையை அறுத்தால் இழுப்பு வெறும் 30 மில்லிமீட்டர். தூள் வெளியே வராமல் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளும். கை ஓயும், மரம் அறுபடாது. அதே கிளைக்கு 210 மில்லிமீட்டர் அலகு 110 மில்லிமீட்டர் இழுப்பைத் தரும். அலகின் நீளத்தில் பாதிக்கு மேல் பருமனான மரத்தைத் தொடாமல் இருப்பது நல்ல கணக்கு.

எனவே 190 முதல் 240 மில்லிமீட்டர் வரை உள்ள அலகு போதும். 300-க்கு மேல் உள்ளவை கம்பீரமாக இருக்கும். பையில் எடையும் இடமும் அடைப்பதைத் தவிர இந்தக் கரையில் அவற்றுக்கு வேலை இல்லை. கம்பி ரம்பம், சங்கிலி ரம்பம் என்று உள்ளங்கையில் அடங்கும் உருப்படிகளையும் விற்கிறார்கள். இரு கையாலும் இழுக்க வேண்டும், மரத்தை வேறொருவர் பிடிக்க வேண்டும், முள்மரத்தில் கை வைக்க இடமே கிடைக்காது. வாங்காதீர்கள்.

நான்காம் படி: பல்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. நான் முதலில் வாங்கிய ரம்பத்தின் பற்கள் பெரியவை, அகலமாக இடைவெளி விட்டவை. பச்சை மரத்துக்கு அது சரி. ஈரத்தூளை வாரி வெளியே தள்ளும். காய்ந்த கருவேலத்தில் அது கடிக்காமல் துள்ளியது. ஒவ்வொரு இழுப்பிலும் அலகு எகிறி வேறோர் இடத்தில் கீறல் போட்டது. நாம் அறுக்கப் போவது விழுந்து காய்ந்த மரத்தைத்தான் என்பதால் நடுத்தரப் பல் வேண்டும். அளவுகோலை வைத்து எண்ணினால் ஓர் அங்குலத்துக்கு 7 அல்லது 8 பல். ஜப்பான் கம்பெனிகள் 30 மில்லிமீட்டருக்கு இத்தனை என்று எழுதும். அந்தக் கணக்கில் 8 முதல் 10.

பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிடியை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது இழுக்கும்போது அறுக்கும் ரம்பம். நாம் தச்சுப் பட்டறையில் பார்த்துப் பழகியது தள்ளி அறுக்கும் ரம்பம். தள்ளும்போது அலகு வளையப் பார்க்கும் என்பதால் அதைத் தடிமனாகச் செய்வார்கள். இழுக்கும்போது அலகு விறைத்து நிற்கும். மெல்லியதாக இருந்தாலும் நேராகப் போகும். மெல்லிய அலகு குறுகலாக வெட்டும், குறைவான மரத்தைத் தூளாக்கும், கைக்கு வேலை குறையும். மடக்கு ரம்பத்தில் இழுப்பு வகையைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். வாங்கிய பின் தள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அலகு மடங்குவதும் முறிவதும் தள்ளும்போதுதான்.

பல் நுனி சற்றே நீலம் பாய்ந்து கறுத்திருந்தால் அந்த நுனிகளை மட்டும் தனியாகச் சூடேற்றிக் கடினமாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். நெடுநாள் கூர் நிற்கும். ஆனால் மழுங்கினால் அரம் போட முடியாது, அரம் வழுக்கிக்கொண்டு போகும். அலகையே மாற்ற வேண்டும். அதனால் மாற்று அலகு தனியே கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: எஃகும் உப்பும்

அட்டையில் எஸ்.கே. 4, எஸ்.கே. 5 என்று போட்டிருந்தால் அது கரிமம் அதிகமுள்ள எஃகு. கூர் நன்றாக நிற்கும். உப்புக் காற்றில் ஒரே இரவில் துருவும் பிடிக்கும். என் முதல் ரம்பத்தை இரவு கூடாரத்துக்கு வெளியே மறந்துவிட்டேன். காலையில் அலகு முழுவதும் மஞ்சள் தூவியது போல இருந்தது. மேலே குரோம் முலாம் பூசியதோ, துரு தடுக்கும் வேறு பூச்சு உள்ளதோ வாங்குங்கள். பூச்சு இருந்தாலும் பல்லின் வெட்டு விளிம்பில் அது தேய்ந்துவிடும், ஆகவே எண்ணெயும் வேண்டும்.

தென்கடலை ஆண் கடல் என்றும் வடகடலைப் பெண் கடல் என்றும் ராமேஸ்வரத்தில் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கரையான ஏர்வாடிப் பக்கம் தங்கினால் உப்புச் சாரல் தோப்புக்குள்ளேயே வரும். அதே நாட்களில் வடகடல் கரையான தேவிப்பட்டினத்தில் கடல் குளம் போலக் கிடக்கும். எந்தக் கரையில் எந்தக் காற்றில் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து ரம்பத்தைத் துடைக்கும் வேலை கூடும், குறையும்.

ஆறாம் படி: பூட்டு

இதில் என் விரல் பாடம் கற்றது. ஒரு பயணத்தின் மூன்றாவது நாள் காலை, உட்கார்ந்து கிளை அறுத்துக்கொண்டிருந்தேன். அலகு மரத்தில் சிக்கியது. விடுவிப்பதற்காக அழுத்தித் தள்ளினேன். பூட்டு நழுவி, அலகு மடிந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் இறங்கியது. ரம்பக் காயம் கத்திக் காயம் போல ஒற்றைக் கோடாக இருக்காது. சதை பிய்ந்து ஓரங்கள் சிதறியிருக்கும். தையல் போட்டார்கள், டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள்.

பிறகு வீட்டில் ரம்பத்தைத் திறந்து வைத்துப் பார்த்தேன். அலகின் அடியில் ஒரு பள்ளம், பூட்டின் எஃகு நாக்கு விழுந்து அமரும் இடம். அதன் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு மணல் இறுகிப் படிந்திருந்தது. நாக்கு முழுதாக உள்ளே இறங்காமல் மணலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பூட்டியிருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆகவே பூட்டில் மூன்று விஷயம் பாருங்கள். திறந்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் பூட்ட வேண்டும். மடக்கிய நிலையில் பூட்டாதது பைக்குள் விரிந்து துணியையும் கையையும் கிழிக்கும். நாக்கு விழும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். பள்ளம் ஒரு பல் குத்தும் குச்சி நுழைந்து சுத்தம் செய்யும் அளவுக்குத் திறப்பாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது எந்தக் கம்பெனி விளம்பரத்திலும் இருக்காது. மணல்வெளியில் முகாம் போடுபவர்களுக்கு அதுதான் உயிர்நாடி.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வியர்த்த கையில் வழுக்காத ரப்பர், மணலில் விழுந்தால் கண்ணில் படும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறம். கறுப்புப் பிடி என்றால் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.

எதை வாங்கலாம்?

பாக்கோ லாப்லாண்டர்: அலகு 190 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 7 பல், துரு தடுக்கும் பூச்சு, இரு நிலையிலும் பூட்டு. முதல் ரம்பம் வாங்குபவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

சில்கி கோம்பாய் ஜப்பானியத் தயாரிப்பு; 210, 240 மில்லிமீட்டர் அலகுகளில் உண்டு. குரோம் முலாம், மாற்று அலகு, நடுத்தரப் பல் எல்லாம் கிடைக்கும். விலை சில ஆயிரங்களில். கருவேல வைரத்தில் இது இறங்கும் விதத்தைப் பார்த்த பிறகு வேறொன்று கையில் ஒட்டாது. அதன் தம்பியான பாக்கெட்பாயில் 170 மில்லிமீட்டர் அலகு உள்ளது தனியாக நடப்பவர்களுக்குப் போதும். ஒபினெல் 12 ரம்பத்தின் அலகு 12 சென்டிமீட்டர்தான். கூடார முளை வெட்டவும் சுள்ளி அறுக்கவும் சரி, விறகுக்கு ஆகாது.

தோட்டக் கருவிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு நம் நாட்டுத் தயாரிப்புகளும் உண்டு. அவற்றை ஒதுக்க வேண்டாம். பல்லையும் பூட்டையும் மேலே சொன்னபடி சோதித்து எடுத்தால் ஓரிரு ஆண்டு உழைக்கும்.

கடையில் செய்ய வேண்டியது: அலகை விரித்து, பிடியை ஒரு கையில் அசையாமல் பிடித்து, மறு கையால் அலகின் நுனியை இடவலமாக அசையுங்கள். லேசான ஆட்டம் அச்சுத் திருகை இறுக்கினால் போகும். திருகே இல்லாமல் தறை (ரிவெட்) அடித்திருந்தால் போகாது, அதை வைத்துவிடுங்கள். கண்ணருகே உயர்த்தி அலகின் முதுகு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தில் மதுரைக்கு வருபவர்கள் ரம்பத்தைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள்.

அறுக்கும் முறை

உச்சிப்புளிப் பக்கம் கரிமூட்டத்துக்கு விறகு வெட்டும் முதியவர் ஒருவர் நான் அறுப்பதைச் சற்று நேரம் நின்று பார்த்தார். "தம்பி, முள்ளை முதலில் எடுத்துவிடு, மரத்தை அப்புறம் பார்க்கலாம்" என்றார். அரிவாளின் முதுகால் கிளையின் மேல் நுனியிலிருந்து அடிநோக்கித் தட்டிக்கொண்டே வந்தார், முட்கள் உதிர்ந்தன. அரிவாள் இல்லாதவர்கள் ஒரு தடித்த கட்டையால் தட்டலாம். கையுறையும் மூடிய காலணியும் அணிந்துகொண்டு செய்யுங்கள்.

கிளையைத் தரையில் வைத்து அறுக்காதீர்கள். நுனிப் பல் மணலைக் கிளறும். இன்னொரு கட்டையின் மேல் வைத்து, முழங்காலாலோ காலாலோ அழுத்திக்கொள்ளுங்கள். மறு கை வெட்டும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். முதல் நாலு இழுப்பு அழுத்தமே இல்லாமல், பிடியோரப் பல்லால். தடம் விழுந்த பின் முழு நீளத்துக்கு இழுங்கள். இழுக்கும்போது லேசான அழுத்தம், திரும்பப் போகும்போது அழுத்தமே கூடாது.

அறுத்து விழ வேண்டிய துண்டு தாங்கலுக்கு வெளியே தொங்க வேண்டும். இரு பக்கமும் தாங்கலில் வைத்து நடுவில் அறுத்தால், மரம் தொய்ந்து வெட்டின் வாய் மூடி அலகைக் கவ்விக்கொள்ளும். கவ்விவிட்டால் தள்ளாதீர்கள். வெட்டுக்கு நேர் கீழே கிளையைச் சற்று உயர்த்தினால் வாய் திறக்கும், ரம்பம் தானாக வெளியே வரும். பருமனான கிளை என்றால் முதலில் அடிப்பக்கம் விரல் கனத்துக்கு அறுத்துவிட்டு மேலிருந்து வாருங்கள், பட்டை கிழியாது.

பராமரிப்பு

நம் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் அருமை. ரம்பம் கழுவ ஒரு குடம் செலவழிக்க வேண்டாம். அரை டம்ளர் தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்தால் போதும். துடைக்கும்போது துணி நுனியிலிருந்து பிடிக்குப் போகட்டும். எதிர்த்திசையில் போனால் பல் துணியைப் பிடித்துக்கொள்ளும், விரலையும் பிடிக்கும். பூட்டுப் பள்ளத்தைத் தினமும் மாலை குச்சியால் கிளறி ஊதிவிடுங்கள்.

தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு அலகுக்குப் போதும். மணலில் இருக்கும்வரை அச்சில் எண்ணெய் விடாதீர்கள். மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். வீடு திரும்பியதும் அச்சுத் திருகைக் கழற்றிச் சுத்தம் செய்து அப்போது விடுங்கள். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு உதவும்; நாள்பட்டால் பிசுக்காகும். பிசின் படிந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், ரப்பர்ப் பிடியில் படாமல்.

அலகு மாற்றும்போது பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய் பூசி, செய்தித்தாளில் சுற்றி, 'கடல் மரம்' என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆணி இல்லை என்று தடவிப் பார்த்த பிறகும் மணல் ஏறியிருக்கும் கரையொதுங்கிய மரத்துக்கு அந்தப் பழைய அலகை மாட்டிக்கொள்ளலாம், புதியதன் பல் தப்பிக்கும்.